பூமியைக் கழித்த பிறகு

வானியல் வேலை என்றதும் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பவனைக் கற்பனை செய்துகொள்பவர்கள், என் வேலையைக் கேட்டதும் சற்று ஏமாந்துபோகிறார்கள். வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடுகிறேன்; ஆனால் கோளை நான் பார்ப்பதில்லை. விண்மீனின் நிறமாலையில், அதாவது அதன் ஒளியைப் பிரித்தால் வரும் வண்ணப்பட்டையில், உள்ள கருங்கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று கணக்கெடுப்பதுதான் என் பிழைப்பு.

கோள் சுற்றும்போது விண்மீனும் லேசாக ஆடுகிறது. நம் பக்கம் வந்தால் கோடுகள் நீலத்தை நோக்கியும், விலகினால் சிவப்பை நோக்கியும் ஒதுங்கும். சொல்லச் சுலபம். சூரியனைப் போன்ற 51 பெகாசி என்ற விண்மீனின் ஆட்டம் விநாடிக்குச் சுமார் 56 மீட்டர்தான். 500 நானோமீட்டர் அலைநீளத்தில் அது பத்தாயிரத்தில் ஒரு நானோமீட்டர்கூட இல்லை. ஆனால் அதை அளக்கும் நாமோ, சூரியனைச் சுற்றி விநாடிக்கு 30 கிலோமீட்டர் ஓடும் பூமியின் மேல் உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் குழுவின் மூத்தவர் யார் புதிய முடிவோடு வந்தாலும் கேட்கும் முதல் கேள்வி, "பூமியைக் கழித்துவிட்டீர்களா?" என்பதுதான். அதன் பிறகு, எங்கே விழ வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்த தோரியம் விளக்கின் கோடுகளை வைத்துக் கருவியின் நகர்வையும் கழிக்க வேண்டும். அறையின் வெப்பநிலை சற்று மாறினாலே நிறமாலைமானி இல்லாத வேகத்தைக் காட்டும்.

மிச்சம் இருப்பது சிதறிய புள்ளிகள். அவற்றை, கோள் ஒரு சுற்றுக்கு எடுக்கும் 4.23 நாள் என்ற கால அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துப் போட்டால், மாதக்கணக்கில் பரவிக் கிடந்தவை சட்டென்று ஓர் அலையாக வரிசை கட்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. இரவில் மட்டுமே பார்க்க முடிவதால் 1.31 நாளில் மடித்தாலும் ஒரு போலி அலை எழும். எது அசல் என்று தீர்ப்பதற்கு, ஒரே இரவில் இடைவெளி விட்டுச் சில அளவீடுகள் வேண்டும். தொலைநோக்கி நேரம் ஒதுக்குபவர்களிடம் அதற்காகக் கெஞ்ச வேண்டியிருக்கும்.

சுவிஸ் வானியலாளர்கள் மிஷேல் மேயரும் டிடியே குலோவும் பிரான்சின் ஓத் ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் 1995இல் கண்டது இந்த அலையைத்தான். வியாழனில் குறைந்தது பாதியளவு எடையுள்ள கோள், பூமி–சூரியன் தூரத்தில் இருபதில் ஒரு பங்கில் சுற்றுகிறது! நம் புதனுக்கே ஒரு சுற்றுக்கு 88 நாள் ஆகிறது. அப்படிப்பட்ட கோள் இருக்கலாம் என்று வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ 1952லேயே எழுதியிருந்தார். யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. பெரிய கோள் என்றால் வியாழனைப் போல 12 ஆண்டு சுற்றும், எனவே பொறுமையாகத் தரவு சேர்ப்போம் என்பதே பொதுவான போக்கு. அமெரிக்க வானியலாளர்கள் ஜெஃப் மார்சியும் பால் பட்லரும் 51 பெகாசியைச் சில நாட்களில் உறுதிசெய்துவிட்டு, தாங்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த தரவைக் குடைந்தபோது, அதற்குள் வேறு கோள்கள் இருந்தன. அதில் 70 வெர்ஜினிஸ் விண்மீனின் கோளுக்கு ஒரு சுற்று வெறும் 116 நாள். கருவி தயாராகத்தான் இருந்தது. தேட வேண்டிய இடம்தான் யார் மனத்திலும் இல்லை என்பது என் கட்சி.

சந்தேகமும் சும்மா வரவில்லை. ஆடுவது விண்மீனா, அல்லது அதன் மேற்பரப்பே துடிக்கிறதா என்று 1997இல் வானியலாளர் டேவிட் கிரே கேட்டார். நுட்பமான தரவு வந்ததும் மறு ஆண்டே அவர் அதை விட்டுவிட்டார். 1999இல் இன்னொரு விண்மீனின் ஒளி, அதைச் சுற்றும் கோள் குறுக்கே வரும்போதெல்லாம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் மங்கியதைக் கண்ட பிறகு, மறுத்துப் பேச ஒன்றும் மிஞ்சவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இன்றும் முதலில் 51 பெகாசியின் தரவைத்தான் கொடுக்கிறேன். பழைய கோளா என்று உதட்டைப் பிதுக்குவார்கள். எல்லோருக்கும் இன்னொரு பூமிதான் வேண்டும். பூமி சூரியனை ஆட்டும் வேகம் விநாடிக்கு 9 சென்டிமீட்டர். விண்மீனின் கரும்புள்ளிகள் எழுப்பும் போலி ஆட்டமே அதைவிடப் பல மடங்கு பெரியது. முதல் மாதம் அவர்கள் தோரியம் கோடுகளோடு மல்லுக்கட்டட்டும்.