பூச்சி மாத்திரை நாள்

வரிசையில் நின்ற சிறுமியின் கீழ் இமையை ஆசிரியை மெல்ல இழுத்துக் காட்டினார். சிவப்பே இல்லை, அப்படி வெளுத்திருந்தது.

மேற்குக் கென்யா, புசியா பக்கம். இன்று இங்கே பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிற நாள். ஆளுக்கு ஒரு அல்பெண்டசோல், 400 மில்லிகிராம், ஆசிரியர் கண்முன்னாலேயே மென்று விழுங்க வேண்டும்.

காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, நேற்றுகூட ஓடி விளையாடினாள் என்றார்.

அதுதான் எனக்குப் பயம். விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில், கொசுக்கடி வாங்கி வாங்கி உடம்பு ஓரளவு பழகிப்போன பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் மலேரியா கிருமி இருந்தும் பல நேரம் காய்ச்சலே வராது. ஆனால் கிருமி சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டே இருக்கும். அதே பிள்ளையின் குடலில் கொக்கிப்புழு சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் உறிஞ்சும்.

ஒரே பானையில் இரண்டு ஓட்டை.

சோகை பிடித்த பிள்ளை வகுப்பில் தூங்கி வழியும். சோம்பேறி என்று திட்டு வேறு வாங்கும்.

இன்று கொடுத்த மாத்திரை புழுவுக்கு மட்டும்தான், மலேரியாவைத் தொடாது. மலேரியா தடுப்பூசி கைக்குழந்தைகளுக்குப் போகிறது. அது சரி, அதிகம் சாவது அவர்கள்தான். அப்புறம் இந்தப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இடைவெளி விட்டு மலேரியா தடுப்பு மாத்திரை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இலேயே சொல்லிவிட்டது. வருடத்துக்கு ஒரு தடவை போதாது, பள்ளியின் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தடவையாவது வேண்டும். கொடுக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள், பெயர்ப்பட்டியல் இருக்கிறது, பிள்ளைகள் வரிசையில் நிற்கவும் பழகிவிட்டார்கள். மருந்தை அனுப்புங்கள்.