ஏற்காடு ஏறாத குவாலிஸ்

எங்கள் வீட்டு வண்டி 2003 மாடல் டொயோட்டா குவாலிஸ். அப்பா வாங்கியது. 2446 சிசி டீசல் எஞ்சின். மெதுவாகத்தான் போகும், ஆனால் நிற்காது என்று பெயர் வாங்கிய வண்டி. போன மே மாதம் அது நின்றது.

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டிக்குள் எட்டு பேர், ஏசி வேறு. ஏழாவது வளைவில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியைத் தாண்டியது. பத்தாவதில் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால்தான். "அப்பா, வெயில்ல ஹீட்டரா?" என்று பின்சீட்டில் ஒரே கூச்சல். முள் ஒரு கோடு இறங்கியதும் ஓரங்கட்டினேன். பெரியப்பா அதற்குள் துண்டைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போய்விட்டார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். மூடியில், அது தாங்கும் அழுத்தம் 0.9 பார் என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியே அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் காத்திருந்து, தண்ணீர் ஊற்றி, அப்படியே திரும்பி இறங்கிவிட்டோம்.

கீழே ஒரு பட்டறையில் காட்டினேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்த வேகத்திலேயே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும்ங்க, ஹெட்டை இறக்கிடலாம்" என்றார். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பகுதி, கேஸ்கெட் அதற்கடியில் கசிவைத் தடுக்கும் தகடு. 25,000 ரூபாய் ஆகுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனர் பிடிப்பது என் பழக்கம். ஹெட்டை இறக்குவதற்கு முன் அதை நானே ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று தோன்றியது.

முதல் ஞாயிறு கேஸ்கெட்டுக்குத்தான். அது போயிருந்தால் சிலிண்டரில் எரிந்த காற்று தண்ணீருக்குள் கசியும். ராத்திரி முழுக்க ஆறிய வண்டி, காலை ஆறு மணி. ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கினேன், தொளதொளவென்று இருந்தது. மூடியைத் திறந்தபோது சத்தமே இல்லை. கசிவு இருந்தால் பல நேரம் ராத்திரி முழுக்க அழுத்தம் தங்கி, 'உஸ்' என்று வரும். கழுத்து வரை தண்ணீர் நிரப்பி ஸ்டார்ட் செய்தேன். முதலில் நாலைந்து குமிழி வந்தது, அது மாட்டிக்கொண்ட காற்று. அப்புறம் பத்து நிமிடம் குனிந்தே நின்றேன், ஒன்றும் வரவில்லை. எஞ்சின் ஆயில் மூடியின் அடியில், ஆயிலில் தண்ணீர் கலந்தால் வரும் மோர் மாதிரி வெளுத்த நுரை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வெள்ளைப் புகையும் இல்லை. இத்தனைக்குப் பிறகு ஹெட்டில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

குனிந்து நின்ற அந்தப் பத்து நிமிடத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. முள் எழவே மாட்டேன் என்கிறது. பால் வாங்கப் போய்வந்தபோதும் அடிக்கோட்டில்தான் கிடந்தது. காலையில் சூடேறாத வண்டி மலையில் மட்டும் ஏன் கொதிக்கிறது? அன்று முழுக்க இதுவே மண்டையில் ஓடியது.

எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை அடைத்து வைப்பது தெர்மோஸ்டாட் வால்வு. அடுத்த ஞாயிறு அதைப் பார்க்கலாம் என்று அதன் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒன்றும் இல்லை. ரப்பர் வளையம்கூட இல்லை, யாரோ தடவிய கறுப்பு சீலன்ட்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. கையில் மூடியோடு உள்ளே போய் அப்பாவிடம் காட்டினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அதை அப்பவே கழட்டியாச்சேப்பா. சபரிமலை போறதுக்கு முன்னாடி. வால்வு இருந்தாத்தான் சூடாகும்னு சொன்னாங்க" என்றார்.

நம் ஊர்ப் பட்டறைகளில் இது பழைய வைத்தியம். வால்வை எடுத்துவிட்டால் தண்ணீர் தடையில்லாமல் ஓடும், எஞ்சின் குளிரும் என்று கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எஞ்சினில் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவர ஒரு குறுக்குவழி உண்டு. வால்வு சூட்டில் நீளும்போது ஒரு முனை ரேடியேட்டருக்கு வழி திறக்கும், மறுமுனையில் இருக்கும் சின்னத் தட்டு போய்க் குறுக்குவழியை அடைக்கும். வால்வே இல்லையென்றால் இரண்டு வழியும் எப்போதும் திறந்தே கிடக்கும். காலையில் ரேடியேட்டர் வழி சும்மா திறந்திருப்பதால் எஞ்சின் சூடேறாது. மலையில், சுட்ட தண்ணீரில் ஒரு பங்கு குளிராமலே எஞ்சினுக்குத் திரும்பும். இரண்டு புதிருக்கும் ஒரே விடை.

புது வால்வில் 82 என்று பொறித்திருந்தது, அது திறக்கத் தொடங்கும் டிகிரி. மாட்டுவதற்கு முன் சோதிக்காமல் விட மனசில்லை. பால் குண்டானில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் முட்டாமல் தொங்கவிட்டேன். பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர். 80 வரை அசைவே இல்லை. 83-இல் நூலிழை அளவு இடுக்கு தெரிந்தது. 95 நெருங்கும்போது தட்டு சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு நகர்ந்திருந்தது. அடுப்பை அணைத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. அதை மறுபடி ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். "அந்தக் குண்டான் இனி உங்களுக்கே" என்று வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. மாட்டும்போது காற்று போகும் சின்ன ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும், அதைக் கவனித்து மாட்டினேன்.

பழைய தண்ணீரை இறக்கியபோது புளிக்கரைசல் நிறத்தில் வந்தது. வருஷக்கணக்காக ஊற்றிய போர் தண்ணீரின் உப்பும் துருவும். தெளிவாக வரும்வரை நாலு முறை அலசி, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றினேன். ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்தால் மெத்தை மாதிரி தூசி, பூச்சி இறக்கை, வைக்கோல் துணுக்கு. எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் பீய்ச்சியதும் ஒரு சட்டி நிறையக் குப்பை விழுந்தது.

நாமக்கல் வரை ஓட்டிப் பார்த்தேன். எண்பதில் போனாலும் முள் பாதிக்குக் கீழே ஆணி அடித்த மாதிரி நின்றது. ரொம்பச் சந்தோஷம். அதே தெம்பில் மூன்றாம் ஞாயிறு தனியாக ஏற்காடு கிளம்பினேன். பன்னிரண்டாவது வளைவில் முள் மறுபடி ஏறியது. சிவப்புக்குப் போகவில்லை, ஆனால் ஏறியது.

நேர் ரோட்டில் வேகமாகப் போகும்போது சூடானால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் கோளாறு. மெதுவாகப் போகும்போது, நிற்கும்போது சூடானால் காற்றில் கோளாறு. வேகத்தில் காற்று தானாக வரும், மலையில் ஃபேன்தான் இழுக்க வேண்டும். அங்கேயே எஞ்சினை நிறுத்திவிட்டு ஃபேனைப் பார்த்தேன். இதில் ஃபேன் நேராகப் பெல்ட்டில் சுற்றுவதில்லை, நடுவில் சிலிகான் ஆயில் நிரம்பிய கிளட்ச் இருக்கிறது. ரேடியேட்டர் காற்று சூடாக இருந்தால் அது இறுகிப் பிடித்து ஃபேனைச் சேர்த்துச் சுற்ற வேண்டும். அப்படியென்றால் சூட்டில் நிறுத்தியதும் ஃபேனும் உடனே நிற்கணும். எங்களுடையது கரண்ட் போன டேபிள் ஃபேன் மாதிரி ஐந்தாறு சுற்று ஹாயாகச் சுற்றிவிட்டு நின்றது. கிளட்ச்சின் முகத்தில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எண்ணெய்க் கோடுகள், அதில் ஒட்டிய புழுதி. உள்ளே இருந்த சிலிகான் எப்போதோ வெளியே வந்துவிட்டது.

சிலிகான் ஆயில் 18 மில்லி ட்யூபில் கிடைக்கிறது. இரண்டு ஆர்டர் போட்டேன். நாலாவது ஞாயிறு முழுக்க இந்த வேலையிலேயே போனது. ஃபேனைச் சுற்றியிருக்கும் கூட்டைத் தளர்த்தி, நாலு நட்டைக் கழற்றினால் கிளட்ச் கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு கிளட்ச்சைப் பிளக்கும் ஸ்க்ரூக்கள்தான் உயிரை எடுத்தன. ஒன்றின் தலை மழுங்கி, உளி வைத்துத் தட்டித் திருப்ப வேண்டியதாயிற்று. உள்ளே துடைத்துவிட்டு ஆயிலை ஊற்றினால் அது தேனைவிடக் கெட்டி. ஒரு ட்யூப் இறங்கி முடிய ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

நேற்று ஏசி போட்டு, அதே எட்டு பேரோடு ஏறினோம். ஒன்பதாவது வளைவில் முன்பக்கமிருந்து லாரி மாதிரி ஒரு இரைச்சல். "என்னடா சத்தம்?" என்று பெரியப்பா பதறினார். ஃபேன் பிடிக்கிற சத்தம் பெரியப்பா, இத்தனை வருஷமாக நாம் கேட்காத சத்தம் என்றேன். இருபதாவது வளைவிலும் முள் பாதியைத் தாண்டவில்லை. பெரியப்பா மட்டும் கடைசிவரை துண்டை மடியிலேயே வைத்திருந்தார்.

இன்று காலை வண்டிக்கு அடியில் பச்சைக் கூலன்ட் இரண்டு சொட்டு. கீழ் ஹோஸின் கிளிப் பழசு. வரும் ஞாயிறு அதை மாற்றணும்.