350-இல் கரிந்த கேக்

அமெரிக்கச் செய்முறையில் 350 டிகிரி என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டு ஓடிஜியின் (சின்ன மின்சார ஓவன்) திருகில் 250-க்கு மேல் எண்ணே இல்லை. சரி, இருப்பதில் அதிகம் வைப்போம் என்று கடைசி வரை திருகிவிட்டேன். இருபதே நிமிடத்தில் மேலே அடுப்புக்கரி. கத்தியை விட்டுப் பார்த்தால் உள்ளே தோசை மாவு.

அப்புறம்தான் உறைத்தது, அது ஃபாரன்ஹீட்! 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் 177 செல்சியஸ். திருகில் 180-க்கு ஒரு மயிரிழை முன்னால், அவ்வளவுதான். பிரிட்டிஷ் செய்முறைகளில் வரும் 'கேஸ் மார்க் 4' (அங்கத்திய கேஸ் ஓவன் திருகில் உள்ள எண்) கூட ஏறக்குறைய இதே சூடுதான். உள்ளே விசிறி ஓடும் ஓவன் என்றால் இன்னும் ஒரு 20 குறைத்துக்கொள்ளுங்கள்.

தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மாமியார் எட்டிப் பார்த்தார். "பேசாம இட்லித் தட்டுலயே ஊத்தியிருக்கலாமேம்மா?"