"உங்க வருமானத்துக்கு இந்த மருந்தா?" என்று மருத்துவர் சொல்லிவிட்டால்

மருத்துவர் செலவைப் பற்றிப் பேசுவதே தப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. "மாசாமாசம் இதை வாங்க முடியுமா? சிரமம்னா சொல்லுங்க, வேற எழுதித் தர்றேன்" என்று கேட்பவர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். "உங்க சம்பளத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது, அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்பது வேறு ரகம். "நல்லா சம்பாதிக்கிறீங்கல்ல, காசு பாக்காதீங்க" என்று விலை கூடியதை எழுதுவதும் அந்த ரகம்தான். சிரித்துக்கொண்டே சொல்வதால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. புகார் எழுத உதவி கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இது: அந்தப் பேச்சுக்குப் பிறகு மருந்துச் சீட்டில் ஏதாவது மாறியதா, இல்லை தலைகுனிவோடு நின்றுவிட்டதா?

இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று மருந்து, இன்னொன்று பேச்சு. பெரும்பாலானவர்கள் கோபத்தில் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொண்டு, சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மருந்து நின்றுபோகிறது. புகாருக்குப் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். உடம்பு அதுவரை காத்திருக்காது.

அதனால் அந்த அறையிலேயே, நாற்காலியை விட்டு எழுவதற்கு முன், ஒரே ஒரு வாக்கியம் போதும்: "டாக்டர், என் வருமானத்தை விடுங்க. இதுல எது கண்டிப்பா வேணும், எதுக்கு விலை குறைஞ்ச மாற்று இருக்குன்னு சொல்லுங்க." குரலை உயர்த்தத் தேவையில்லை. பதில் வந்தால் அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை வைத்து மருந்துக்கடையில் மாற்றித் தரமாட்டார்கள். பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் பொதுப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மருந்துகளுக்கு உலகம் முழுக்க ஒரே பொதுப்பெயர் வைக்கும் ஏற்பாட்டின் முதல் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1953இல் வெளியிட்டது. அந்தப் பெயர் கையில் இருந்தால் எந்தக் கடையிலும் விலையை ஒப்பிட்டுக் கேட்கலாம். மொத்த மாதத்துக்கும் வாங்க முடியாவிட்டால் பாதி மாதத்துக்கு வாங்குவதில் தவறில்லை, மீதியை எப்போது வாங்குவது என்பது முடிவாகியிருந்தால்.

ஜெனரிக் மருந்தில், அதாவது மூல மருந்தை வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் மலிவு வடிவத்தில், 20 சதவீதம் சரக்கு குறைவாக இருக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. மருத்துவர்களே சிலர் சொல்வார்கள். ஜெனரிக்கைச் சோதிக்கும்போது பார்க்கும் 80 முதல் 125 சதவீதம் என்ற எல்லையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை அது. மூல மருந்தோடு ஒப்பிட்டு, ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது, உச்ச அளவு எவ்வளவு என்று அளப்பார்கள். அந்த விகிதத்தின் சராசரி மட்டும் எல்லைக்குள் இருந்தால் போதாது. 90 சதவீத நம்பக இடைவெளி, அதாவது சராசரி முன்பின் போகக்கூடிய வீச்சு, மொத்தமும் உள்ளே அடங்க வேண்டும். சராசரியே 80இல் நிற்கிற மருந்து இந்தச் சோதனையில் தேறாது. ஆனால் எல்லா மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடவும் கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடோயின், மனநலத்துக்கான லித்தியம், தைராய்டுக்கான தைராக்சின், உறுப்பு மாற்று செய்தவர்களுக்கான டாக்ரோலிமஸ் போன்றவற்றில் சின்ன வித்தியாசமும் பேசும். இவற்றில் தயாரிப்பை மாற்றினால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டு, ரத்தப் பரிசோதனையையும் திரும்பச் செய்துகொள்ள வேண்டும்.

செலவைக் குறைக்க மாத்திரையை உடைத்துப் போடுவதுதான் பலர் கையில் எடுக்கும் முதல் வழி. நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரை என்றால், அதிக மில்லிகிராம் வாங்கிப் பாதியாக்குவது சில நேரம் மலிவு. அதையும் கேட்டுவிட்டுச் செய்யலாம். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர், ஈஆர், எம்ஆர் என்று இருந்தால் அது பெரும்பாலும் மெதுவாகக் கரையும் மாத்திரை. அந்த வகையில் கோடு இல்லாததை உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடலாம். குடலில் போய்க் கரையும்படி மேற்பூச்சு பூசியதையும் உடைக்கக் கூடாது. மூன்று மருந்து சேர்ந்த ஒற்றை மாத்திரையைத் தனித்தனியாக வாங்கினால் விலை குறையும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. கடையில் இரண்டு கணக்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மலிவான மாற்று என்றால் அதே குணத்தோடு மலிவானது என்று அர்த்தமில்லை. சர்க்கரைக்குப் புதிய மருந்துக்குப் பதிலாக கிளிமிபிரைடு எழுதினால் செலவு நன்றாகக் குறையும், ஆனால் சாப்பாடு தவறினால் சர்க்கரை தாழ்ந்துபோகும். வயதானவர், சிறுநீரகம் பலவீனமானவர் என்றால் இந்த ஆபத்து கூடும். ஆகவே "விலை குறைஞ்சது குடுங்க" என்பதோடு நிறுத்தாமல், "இதுக்கு மாறினா எதைக் கவனிக்கணும்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

வாங்க முடியாதபோது எதை நிறுத்துவது என்று வீட்டில் தாமாகவே முடிவெடுப்பது இதைவிட மோசம். சிலவற்றை ஒருநாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது: அட்டெனலால், மெட்டோபிரலால், ப்ரொப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் (இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பவை), ரத்த அழுத்தத்துக்கான குளோனிடின், வலிப்புக்கான மாத்திரைகள், நெடுநாள் எடுத்துவந்த ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்த பிறகு கொடுக்கும் குளோபிடோக்ரெல், இன்சுலின். வைட்டமின், சத்து டானிக், சிறப்புக் காரணம் இல்லாமல் தொடரும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றில்தான் கழிக்க இடம் இருக்கும். அதையும் மருந்தாளுநரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

அந்த ஒற்றைப் பேச்சு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. ஒருமுறை அவமானப்பட்ட நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்லமாட்டார். "மாத்திரை சரியா போடுறீங்களா?" என்றால் "போடுறேன் டாக்டர்" என்பார். போட்டிருப்பது பாதி. ரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று மருத்துவர் அளவை ஏற்றுவார், இன்னொரு மாத்திரை சேர்ப்பார். பிறகு கையில் காசு வரும் ஒரு மாதத்தில் நோயாளி எழுதிய அளவை முழுசாகப் போடுவார். எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுவார். சர்க்கரை மருந்தில் இது நடந்தால் நினைவு தப்பும். புகாரில் எழுத வேண்டியது இந்தச் சங்கிலியைத்தான். "மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதினால் மனவருத்தமாகப் பதிவாகி முடிந்துவிடும். "இதனால் இந்த மருந்தை இத்தனை நாள் எடுக்கவில்லை" என்று எழுதினால் அது சிகிச்சையைப் பற்றிய புகாராகிவிடுகிறது.

இனி பேச்சு. அன்றைக்கே குறித்து வையுங்கள்: தேதி, நேரம், எந்தப் பிரிவு, அறையில் வேறு யார் இருந்தார்கள், நீங்கள் என்ன கேட்டீர்கள், அவர் சொன்ன வார்த்தை. வார்த்தையை அப்படியே மேற்கோளுக்குள் போடுங்கள். "கேவலமாகப் பேசினார்" என்பது உங்கள் தீர்ப்பு, சாட்சி ஆகாது. கதவு திறந்திருந்ததா, அடுத்த நோயாளி காதில் விழுந்ததா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனென்றால் வருமான விவரம் பிறர் காதில் விழுந்திருந்தால் அது அந்தரங்கத்தை மீறிய தனிப் புகார். போனில் ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். சட்டம் இடத்துக்கு இடம் மாறும். உங்கள் இடத்துச் சட்டம் தெரியாமல் செய்யாதீர்கள். கூட ஒருவர் இருந்திருந்தால் அவரையும் தனியாக ஒரு குறிப்பு எழுதச் சொல்வதே போதும். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதாதீர்கள், வாக்கியங்கள் ஒன்றுபோல இருந்தால் எடுபடாது.

அடுத்தது மருத்துவப் பதிவின் நகல். இதை யாரும் நினைப்பதில்லை. காற்றில் போன பேச்சைவிட ஏட்டில் ஏறிய வரி ஆபத்தானது. "மருந்து வாங்க முடியவில்லை, மாற்று கேட்டார்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "நோயாளி ஒத்துழைக்கவில்லை", "சிகிச்சையை மறுத்தார்" என்று இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். அடுத்து பார்க்கிற ஒவ்வொரு மருத்துவரும் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் உங்களை நிமிர்ந்து பார்ப்பார். நகலை எழுத்தில் கேளுங்கள். வரி தவறாக இருந்தால் திருத்தக் கோருங்கள். திருத்த மறுத்தால், உங்கள் விளக்கத்தைப் பதிவோடு இணைக்கச் சொல்லுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"இன்ன தேதியில் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு வந்தேன். மூன்றாவது மாத்திரையின் விலை அதிகமாக இருப்பதால் மாற்று உண்டா என்று கேட்டேன். மருத்துவர், '......' என்றார். மாற்று பற்றி எதுவும் சொல்லவில்லை. செவிலியர் ஒருவரும் அடுத்த நோயாளியும் அறையில் இருந்தார்கள். அந்த மாத்திரையை வாங்காமல் திரும்பினேன். எனக்கு வேண்டியவை: மருந்துச் சீட்டை வேறு மருத்துவர் மறுபரிசீலனை செய்வது, என் பதிவில் சரியான காரணத்தை எழுதுவது, இந்தப் பேச்சுக்கு எழுத்தில் விளக்கம்."

கெட்டுப்போவது எங்கே என்றால், இதோடு மூன்று மணி நேரம் காத்திருந்தது, பில் கூடியது, வரவேற்பில் இருந்தவர் முறைத்தது எல்லாவற்றையும் சேர்ப்பதில்தான். பதில் எழுதுபவர் சுலபமானதுக்கு நீளமாகப் பதில் சொல்லிவிட்டு, முக்கியமானதை ஒரு வரியில் தாண்டிவிடுவார். கடிதம் போவதற்கு முன்பே மருத்துவர் பெயரைப் போட்டு வலைத்தளங்களில் எழுதுவதும் வேண்டாம். அவதூறு என்று திருப்பிவிட்டால் நீங்கள் பதில் சொல்லும் இடத்துக்கு வந்துவிடுவீர்கள்.

கடிதம் முதலில் போக வேண்டியது மருத்துவமனையின் புகார் பிரிவுக்கு, சிறிய கிளினிக் என்றால் அதன் பொறுப்பாளருக்கு. நேராக, மருத்துவர்களின் பதிவையும் நடத்தையையும் கவனிக்கும் மருத்துவக் கவுன்சிலுக்குப் போனால், ஒற்றைப் பேச்சு என்றால் பெரும்பாலும் "அங்கேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று திரும்பும். பார்க்கவே மறுத்தது, பலர் முன்னால் வருமானத்தைச் சொன்னது, பலரிடம் இதே நடத்தை என்று இருந்தால் கவுன்சிலுக்குப் போவதில் வலு உண்டு. அங்கே போகும்போது கையில் வைத்துக்கொள்ள ஒன்று: உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஏற்ற ஜெனீவா பிரகடனம். மருத்துவர்கள் எடுக்கும் அந்த உறுதிமொழியின் 2017 திருத்த வடிவத்தில், கடமைக்கும் நோயாளிக்கும் நடுவே குறுக்கிட விடக் கூடாதவற்றின் பட்டியலில் சமூக நிலையும் இருக்கிறது. புகார் கொடுக்கக் காலக்கெடு இருக்கும், அதை முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஒப்புகை எண் இல்லாமல் எந்த மேசையையும் விட்டு நகராதீர்கள்.

பதில் வரும்போது வாக்கியத்தைக் கவனித்துப் படியுங்கள். "தங்களுக்கு அப்படித் தோன்றியிருந்தால் வருந்துகிறோம்" என்பதில் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குத் திட்டிப் பதில் எழுத வேண்டாம்; கேட்ட மூன்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். நேரில் பேசக் கூப்பிட்டால் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள், அவர் குறிப்பு எடுக்கட்டும். பேசி முடிந்ததும் ஒப்புக்கொண்டவற்றை அன்றே எழுதி அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மருத்துவர் நேரடியாக மன்னிப்புக் கேட்டால், பதிவும் சரியாகிவிட்டால், அவரிடமே தொடர்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. உங்கள் நோயின் கதை முழுக்கத் தெரிந்தவர் அவர்.

மாறுவது என்று முடிவெடுத்தால், புதியவரைப் பார்க்கும் தேதி உறுதியாகி, அதுவரைக்கான மாத்திரை கையில் இருக்கும்போது மாறுங்கள். பழைய சீட்டுகள், கடைசிப் பரிசோதனை முடிவுகள், பதிவின் நகல் மூன்றையும் கொண்டுபோங்கள். கூடவே தனித்தாளில், சீட்டில் எழுதிய அளவு ஒரு பக்கம், நிஜமாகப் போட்டுவரும் அளவு மறுபக்கம் என்று எழுதி, புதிய மருத்துவர் பேனாவை எடுப்பதற்கு முன் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.