ஏதோ நிக்குது

"ஏதோ நிக்குதுன்னு தெரிஞ்சுது தம்பி. ஆளுன்னு தெரியல."

திரையில் ரோட்டைக் காட்டி பஸ் ஓட்டிப் பார்க்க வைக்கும் சிமுலேட்டரை விட்டு இறங்கும்போது அந்த அண்ணன் சொன்னது இவ்வளவுதான். புதுச்சேரி - கடலூர் ரூட்டில் இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவர். "எதுக்கும் ஒரு தடவ கண்ணக் காட்டிடுங்கண்ணே" என்றேன். அவருடைய மதிப்பீட்டுத் தாளில் 'பாதசாரியைக் கவனிப்பதில் தாமதம்' என்று எழுதினேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

திரையில் முள்ளோடை தாண்டி, மார்கழி விடியற்காலை. அந்தக் காட்சியைச் செய்தவன் நான். பனைமர ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாகத் தெரிந்து, வண்டி நகர நகர மினுக்கியது. அதை மறைக்க மொத்தப் படத்தையும் லேசாக மங்கலாக்கி பிளர் கொடுத்தேன். பனி மாதிரியும் ஆகிவிட்டது. பார்த்தவர்கள் "அப்படியே நம்ம ஊரு" என்றார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். திரை காட்டுகிற 60 டிகிரி அகலத்துக்கு 1920 பிக்சல், அதாவது புள்ளி; டிகிரிக்கு 32. அரை மீட்டர் அகலமுள்ள ஆள் 100 மீட்டர் தள்ளி நின்றால் திரையில் ஒன்பதே பிக்சல். 1958-இல் ஜான் ஜான்சன் என்பவர் அமெரிக்க ராணுவத்தின் இருட்டில் பார்க்கும் கருவிகளுக்காக ஓர் அளவு வகுத்தார். பிக்சல் கணக்கில் சொன்னால், ஏதோ இருக்கிறது என்று தெரிய இரண்டு போதும். அது என்ன வகை என்று தெரிய எட்டு வேண்டும். அதுவும் பாதித் தடவைதான் சரியாக வரும். என்னிடம் ஒன்பது இருந்தது. ஆனால் பிளர் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்துவிடுகிறது. ஒன்பது இருந்தும் ஒன்பதின் வேலை நடக்காது. அந்த அண்ணன் சொன்னதில் நான் சாக்கு என்று நினைத்தது, ஜான்சனின் இந்த இரண்டு படிகளுக்கும் நடுவே அண்ணன் நின்ற இடம். மனுஷன் எவ்வளவு கச்சிதமாகச் சொல்லியிருக்கிறார்!

சரி, நிஜப் பனியில் மட்டும் தெரிந்துவிடுமா? ஆளோ மாடோ, ஏதோ நிற்கிறது என்றால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டாமா? அவர் எடுக்கவில்லை. அந்த வகையில் நான் எழுதியது சரிதான்.

சரியா? பனி நிறத்தை வெளிற வைக்கும், கிட்டே போகப் போக விலகும். என் பிளருக்குத் தூரமே கிடையாது. கிட்டே இருப்பதையும் எட்ட இருப்பதையும் ஒரே மாதிரி கரைக்கும். தவிர, ஏதோ நிற்கிற இடத்திலெல்லாம் பிரேக் போட்டால் முதல் டிரிப் கடலூர் போய்ச் சேராது. மைல்கல், போர்டு, வைக்கோல் போர் என்று ஆயிரம் நிற்கும். எது ஆள், எது கல் என்று தினமும் பிரித்துத்தான் ஓட்டுகிறார். அந்தப் பிரிப்பைத்தான் நான் திரையில் அழித்து வைத்திருந்தேன்.

தாளைத் திருப்பி வாங்கியிருக்கலாம். வாங்கினால் மூன்று மாதமாக அந்தக் காட்சியில் ஓட்டிய எல்லோருடைய தாளையும் எடுக்க வேண்டும். வாங்கவில்லை. இதை எழுதும்போதும் 'நேரமில்லை' என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன்.

ஒருநாள் எல்லோரும் போன பிறகு பிளரை எடுத்துவிட்டு நானே ஓட்டிப் பார்த்தேன். ரோட்டோரம் நிற்கிற அந்தப் பாதசாரிப் பெண் எட்டத்திலேயே தெரிந்தாள். திரும்ப பிளரைப் போட்டு ஓட்டினேன். அப்போதும் தெரிந்தாள். இடது பக்கம், இரண்டாவது பனைக்கு அடுத்து. அவளை அங்கே நிறுத்தியவனே நான்தானே.