தாத்தாவின் பாராங்

டுரியான் பழ சீசன் வந்துவிட்டது. தோட்டத்துக்குக் கிளம்பும்போது காரில் முதலில் ஏறியது தாத்தாவின் பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்திதான். லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது. பிடியை மட்டும் இரண்டு தடவை மாற்றியாச்சு.

கனமெல்லாம் நுனிப் பக்கம். ரொம்ப ஓங்க வேண்டாம், கத்தியே இறங்கிவிடும். வயிற்றுப் பகுதியால் கிளை வெட்டலாம், பிடியை ஒட்டிய இடத்தால் மூங்கில் சீவலாம். வாயை உப்பலாகத் தீட்டியிருப்பதால் ஈரமரத்தில் சிக்காது. போன வருஷம் ஒருவர் மெஷினில் மெல்லிசாகத் தீட்டிக் கொடுத்தார். முதல் வெட்டிலேயே ரம்புத்தான் கட்டையில் வாய் மடங்கிவிட்டது. அரம் போட்டுச் சரிசெய்வதில் ஒரு மத்தியானமே போனது!

வரும் வழியில் சாப்பாட்டுக் கடையில் தம்பி அதை இடுப்பில் கட்டியபடியே இறங்கப் பார்த்தான். மலேசியாவில் இதைப் பொது இடத்தில் சும்மா வைத்திருந்தால் 1958-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அம்மா போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.