அப்பா உறங்கும் அறையில் 230 வாட்

மே 3

அப்பாவின் கட்டிலுக்கும் என் மேசைக்கும் இடையே ஆறடிதான் இருக்கிறது. நேற்று நள்ளிரவுக்குப் பிறகு கணினியில் ரெண்டர் வேலையை (ஒரு காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவதை) தொடங்கியதும், பிராசசரைக் குளிர்விக்கும் கூலரின் மின்விசிறி சீறத் தொடங்கியது. அவர் கண் விழித்து, மழை பெய்கிறதா என்று கேட்டார். ஏசியின் ஓசை இதைவிடப் பெரியது, ஆனாலும் அதில் அவர் நன்றாக உறங்குகிறார். இரைச்சலின் அளவைவிட அது ஏறுவதும் இறங்குவதும்தான் அவரை எழுப்புகிறது என்று நினைக்கிறேன். கூலரை மாற்றியாக வேண்டும்.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மதியம் மின்சாரம் போய் வருவதற்குள் அறையின் வெப்பம் 27 டிகிரியிலிருந்து 33-க்கு ஏறிவிட்டது.

மே 5

பிராசசர் 95 டிகிரியைத் தொடுகிறது என்பதற்காக நான் இனிக் கவலைப்படப்போவதில்லை. என் கணினியில் இருக்கும் பிராசசரான ரைசன் 9 7950எக்ஸை ஏஎம்டி நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்டபோதே, முழுச் சுமையில் அது 95 டிகிரி வரை ஏறி அங்கேயே நின்று வேலை செய்வதற்கென்று வடிவமைக்கப்பட்டது என்று சொல்லிவிட்டது. பெயரளவில் 170 வாட் என்று குறிப்பிட்டிருந்தாலும் அது 230 வாட் வரை இழுக்கும். நான் பயன்படுத்தும் கோரோனா ரெண்டரர் கிராஃபிக்ஸ் கார்டை ஏறக்குறைய ஓய்வில் விட்டுவிட்டு பிராசசரின் 16 கோர்களையும் (கணக்கிடும் அலகுகளையும்) மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டுவதால், அந்த 230 வாட்டும் இடைவெளியின்றி வெளிவந்துகொண்டே இருக்கிறது.

இந்த வெப்பம் பிறக்கும் இடம் மிகச் சிறியது என்பதுதான் உண்மையான சிக்கல். கோர்கள் அனைத்தும் இரண்டு சில்லுகளில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் பரப்பும் ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர், அதாவது சுண்டுவிரல் நகத்தளவு. அவற்றின் மேல் மூடியிருக்கும் உலோகத் தகடும், ஏஎம்4 என்ற பழைய சாக்கெட்டுக்கான (பிராசசர் அமரும் இடத்துக்கான) கூலர்கள் புதிய சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தடிமனாகச் செய்யப்பட்டது. ஆகவே எவ்வளவு பெரிய கூலரை மாட்டினாலும் சில்லிலிருந்து தகட்டின் மேற்பரப்புக்கு வெப்பம் வந்து சேரும் வழி அதே நெருக்கடியான வழிதான். பெரிய கூலரை மாட்டினால் பிராசசர் அதே 95-இல் இன்னும் சற்று வேகமாக ஓடும், அவ்வளவே. அதனால் நான் தேட வேண்டியது, எத்தனை டிகிரி குறையும் என்ற எண்ணிக்கையை அல்ல. எவ்வளவு ஓசையில், எவ்வளவு மாறாத ஓசையில் அந்த வெப்பத்தை வெளியே தள்ள முடியும் என்பதைத்தான்.

மே 6

சென்னை ரிச்சி தெருவில் இருக்கும் கணினிப் பாகக் கடைக்காரரோடு தொலைபேசியில் பேசினேன். “360 போட்டுடுங்க சார், அப்புறம் எதையும் யோசிக்க வேண்டாம்” என்றார். பம்ப் நீரைச் சுழற்றும் லிக்விட் கூலரில், 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் உள்ளதைத்தான் 360 என்கிறார். பம்ப் இரவில் கேட்குமா என்று கேட்டேன். திரை வைத்த மாடல் ஒன்று வந்திருப்பதாகவும், அதில் நாம் விரும்பும் படத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நோயாளி உறங்கும் அறையில் எந்த வெளிச்சமும் கூடாது என்று விளக்கியபோது அவர் குரல் மாறிவிட்டது. “விளக்கு இல்லாததையே பார்த்து வைக்கிறேன் சார், அப்பாவைப் பாருங்க” என்று சொல்லி வைத்தார்.

மே 7

பம்ப் இரவில் கேட்குமா?

மே 8

நீரைப் பற்றி இன்று தெளிவாக யோசிக்க முடிந்தது. அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, அவர் உறங்கும்வரை அருகில் உட்கார்ந்து எழுதிய குறிப்பு இது.

காற்றில் இயங்கும் கூலரின் செப்புக் குழாய்களுக்குள்ளும் சிறிதளவு நீர் இருக்கிறது. அது சூட்டில் ஆவியாகி மேலே போய், தகடுகளுக்கிடையே குளிர்ந்து, மீண்டும் நீராகித் திரும்புகிறது. அளவு மிகக் குறைவு என்பதால் பிராசசரின் ஒவ்வொரு துடிப்பும் உடனடியாகத் தகடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. லிக்விட் கூலரிலோ, பிராசசர் மேல் அமர்ந்திருக்கும் செப்புத் தகட்டின் நுண்ணிய வரிகளுக்கிடையே பம்ப் நீரைச் செலுத்துகிறது. சூடான நீர் ரப்பர் குழாய் வழியாக அலுமினிய ரேடியேட்டருக்குப் போய், அங்கே மின்விசிறிகளிடம் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறது. ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் தேவை. அதே எடையுள்ள செம்புக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். உள்ளே இருப்பது அரை லிட்டருக்கும் குறைவான நீர்தான் என்றாலும், முழுச் சுமையில் அது நிலையான வெப்பத்துக்கு வர கால் மணி நேரமாவது ஆகும். ஒரு கோப்பைத் திறக்கும்போது பிராசசர் ஒரு நொடி 20 டிகிரி துள்ளினாலும் நீர் அதைப் பொருட்படுத்தாது. ஆக, மின்விசிறியும் துள்ள வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது இந்த நிதானம்தான். வேகத்தை ஒப்பிடும் பெஞ்ச்மார்க் பட்டியலில் அது இடம்பெறுவதில்லை.

ஆனால் எந்தக் கூலரும் வெப்பத்தை அழிப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ரேடியேட்டரை விட்டு வெளியேறும் 230 வாட் அப்பாவின் அறைக்குள்தான் போகிறது. கணினி முழுவதையும் சேர்த்தால் ஏறக்குறைய 350 வாட் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடும் என்பதால், இந்த அறையில் இரவு முழுக்க மூன்று விருந்தினர் கூடுதலாக உட்கார்ந்திருப்பதைப் போன்றது இது. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடியது சுமார் 3,500 வாட். அதில் பத்தில் ஒரு பங்கை என் கணினி எடுத்துக்கொள்கிறது. ஏசி ஓடும்வரை தாங்கும். மின்சாரம் போனால்?

மே 9

கசிவைப் பற்றிய கவலை உறங்கவிடவில்லை.

உள்ளே இருப்பது வெறும் நீரல்ல; கிளைகோலும், செம்பும் அலுமினியமும் ஒரே நீரைத் தொடும்போது ஏற்படும் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருட்களும் அதில் கலந்திருக்கின்றன. பம்பின் பொருத்துவாய் எதிலிருந்தாவது துளி விழுந்தால் அது நேராகக் கீழே இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டின் மேல்தான் விழும். காற்றுக் கூலரில் இந்த அச்சமே கிடையாது. கெட்டுப்போகக்கூடியது மின்விசிறி ஒன்றுதான், அதையும் கடையில் வாங்கி மாட்டிவிடலாம். நாக்டுவாவின் என்ஹெச்-டி15 என்ற காற்றுக் கூலர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் மதிக்கத்தக்க பொருள். 2014-இல் வந்தது இன்றும் சிறிய லிக்விட் கூலர்களோடு தோளுரசி நிற்கிறது. அதன் உயரம் 165 மில்லிமீட்டர். என் கேபினெட்டில் (கணினிப் பெட்டியில்) 160-க்கு மேல் கதவு மூடாது. அப்பாவின் அறையில் திறந்த கேபினெட்டை வைத்திருக்க மாட்டேன்.

தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடப்பட்ட லிக்விட் கூலர்கள், கோர்சேர் ஹெச்50 வந்த 2009 முதல் வீட்டுக் கணினிகளில் பரவலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதன் பம்பைச் செய்தது டென்மார்க்கின் ஏசெடெக். இத்தனை ஆண்டு அனுபவத்தில் பெரும்பாலான கூலர்கள் கசிந்து சாவதில்லை; பம்ப் தேய்ந்தோ, நுண்வரிகளில் படிவு அடைத்தோ, ரப்பர் குழாயின் சுவர் வழியாக நீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறைந்தோதான் முடிவுக்கு வருகின்றன. இதைப் படித்த பிறகு மனம் கொஞ்சம் அடங்கியது, ஆனால் முழுவதும் அடங்கவில்லை.

மே 11

அப்பாவுக்குக் காய்ச்சல். கணினியைத் தொடவில்லை.

மே 13

காய்ச்சல் இறங்கிவிட்டது. அக்கா வந்திருந்ததால் கேபினெட்டைத் திறந்து அளந்தேன்.

ரேடியேட்டரை மேற்கூரையில் மாட்டினால் மதர்போர்டுக்கும் கூரைக்கும் இடையே 55 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. வழக்கமான 27 மில்லிமீட்டர் ரேடியேட்டரும் 25 மில்லிமீட்டர் மின்விசிறியும் சேர்ந்து 52 ஆகும், மயிரிழையில் நுழையும். ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்விட் ஃப்ரீசர் 3-இன் ரேடியேட்டர் மட்டுமே 38 மில்லிமீட்டர்; மின்விசிறியோடு 60-ஐத் தாண்டிவிடும். அது கூரைக்குப் போகாது, முகப்புக்குத்தான் போகும். முகப்பில் மாட்டினால் ஏசியின் குளிர்ந்த காற்று முதலில் ரேடியேட்டரைத் தொட்டுவிட்டு, சூடாகி உள்ளே போகும். விளையாடுகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல, கிராஃபிக்ஸ் கார்டு அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் என் வேலையில் கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் ஓய்ந்திருப்பதால் எனக்கு முகப்பே நல்லது.

ரேடியேட்டரின் பரப்பையும் கணக்கிட்டேன். 240 மில்லிமீட்டர் ரேடியேட்டருக்கு 28,800 சதுர மில்லிமீட்டர், 280-க்கு 39,200, 360-க்கு 43,200. எல்லோரும் 240-இலிருந்து நேராக 360-க்குத் தாவுகிறார்கள். நடுவில் நிற்கும் 280, 360-இன் பத்தில் ஒன்பது பங்குப் பரப்பை வைத்திருப்பதைக் கவனிப்பதில்லை. அதில் இருப்பவை இரண்டு 140 மில்லிமீட்டர் மின்விசிறிகள். பெரிய விசிறி, குறைந்த சுழற்சியில் அதே காற்றைத் தள்ளும். அதன் ஓசையும் கீழ்ச்சுருதியில், ஏசியின் ஓசைக்குள் கரைந்துவிடக்கூடியதாக இருக்கும். மூன்று 120 மில்லிமீட்டர் விசிறிகளைவிட இரண்டு பெரிய விசிறிகள்தான் இந்த அறைக்கு உரியவை.

மே 14

நீர் ஓடும் சுற்றில் எப்போதும் சிறிது காற்று இருக்கும், அது மிக உயரமான இடத்தைத் தேடிப் போகும். அந்த இடம் பம்பாக இருந்தால் அது காற்றை விழுங்கிக் களகளவென்று ஒலிக்கும், சீக்கிரம் தேயும். ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். முகப்பில் மாட்டும்போது குழாய்கள் கீழ்ப்பக்கம் வந்தால், மேலே சேரும் காற்று ரேடியேட்டரின் மூலையிலேயே தங்கிவிடும். லிக்விட் ஃப்ரீசர் 3-இன் குழாய் 450 மில்லிமீட்டர் நீளம்; கயிறு வைத்து வளைத்துப் பார்த்தேன், போதும்.

பம்ப் கேட்குமா என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்தது. அந்தப் பம்பின் வேகத்தை நிமிடத்துக்கு 800-இலிருந்து 2,800 சுற்றுவரை நாமே வைத்துக்கொள்ளலாம். மின்விசிறிகள், பம்ப், மதர்போர்டின் மின்னழுத்தப் பகுதியைக் குளிர்விக்கும் சிறு விசிறி ஆகிய மூன்றையும் தனித்தனி இணைப்பாகப் பிரித்துக்கொள்ள வேறொரு கேபிளும் கூடவே வருகிறதாம். அந்தச் சிறு விசிறிதான் கிறீச்சிடும் என்று அஞ்சினேன். தனியாகக் கட்டுப்படுத்த முடியும் என்றால் அதை அடக்கிவிடலாம்.

மே 16

மதர்போர்டின் பயாஸில் (அடிப்படை அமைப்புகளில்), மின்சாரத்தைக் குறைத்து இழுக்கவைக்கும் ஈகோ மோடைப் பெயரளவில் 105 வாட்டில் வைத்தேன். பிராசசர் இழுப்பது 230-இலிருந்து 142 வாட்டுக்கு இறங்கிவிட்டது. 20 நிமிடத்தில் முடிந்த காட்சி இப்போது ஏறத்தாழ 21 நிமிடம் எடுக்கிறது. கடைசி ஐந்து விழுக்காடு வேகத்துக்காக 88 வாட் வெப்பத்தை இத்தனை நாளும் இந்த அறைக்குள் கொட்டுகிறோமே என்று ஆத்திரமாக வந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே இப்படித்தான் வைத்து அனுப்ப வேண்டும். வேகப் பட்டியலில் முதலிடம் வேண்டுபவர் மட்டும் ஏற்றிக்கொள்ளட்டும்.

அப்படியானால் லிக்விட் கூலர் வேண்டுமா என்று அக்கா கேட்டாள். சரியான கேள்விதான். 142 வாட்டை ஒரு நல்ல காற்றுக் கூலரும் தாங்கும். ஆனால் இப்போதிருக்கும் கூலர், ரெண்டர் தொடங்கும் நொடியில் இன்னும் சீறத்தான் செய்கிறது. பெரிய கூலருக்குக் கேபினெட்டில் உயரமில்லை. குறைந்த வாட்டும் பெரிய ரேடியேட்டரும் சேர்ந்தால்தான் விசிறியை ஒரே வேகத்தில், மிகக் குறைவாக, இரவு முழுக்கப் பூட்டி வைக்க முடியும். இவற்றில் ஒன்றை மட்டும் செய்தால் வேலை பாதியில் நின்றுவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் ஒத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. “அப்பா தூங்கினா சரி” என்றாள்.

மே 17

லிக்விட் ஃப்ரீசர் 3, 280, கறுப்பு, விளக்கில்லாதது. பணம் அனுப்பிவிட்டேன். 280-ஐ யாரும் கேட்பதில்லை என்பதால் கடைக்காரர் வேறெங்கிருந்தோ வரவழைக்க வேண்டுமாம். 360 இன்றே அனுப்ப முடியும் என்று மீண்டும் சொன்னார். காத்திருப்பதாகச் சொல்லிவிட்டேன். உத்தரவாதம் ஆறு ஆண்டு.

ஆறு ஆண்டு என்பதை எழுதியதும் அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 19

வரவில்லை. அப்பா நேற்றிரவு சரியாக உறங்கவில்லை, கணினி அணைந்திருந்தும்.

மே 21

வந்தது. அக்கா அப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்திருந்த நேரத்தில் மாட்டி முடித்தேன். இந்தப் பிராசசரில் கோர்ச் சில்லுகள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருப்பதால், பம்பை மையத்திலிருந்து சில மில்லிமீட்டர் அந்தப் பக்கம் தள்ளிப் பொருத்துவதற்கேற்பத் தாங்கியைச் செய்திருக்கிறார்கள். யோசித்துச் செய்த வேலை. வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைக் கூடவே வைத்திருக்கிறார்கள். குழாய்கள் கீழே, உச்சி பம்பைவிட ஒரு சாண் மேலே. கிராஃபிக்ஸ் கார்டின் மேல் மெல்லிய காகிதத்தை விரித்து மாலை முழுவதும் ஓட்டினேன். காகிதம் உலர்ந்தே இருந்தது.

தொடக்கத்தில் சிறிது களகளத்தது. கேபினெட்டை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்ததும் காற்று மேலேறிவிட்டது.

மே 22

142 வாட், மின்விசிறிகள் நிமிடத்துக்கு 800 சுற்று மாறாமல், பம்ப் 1,600, சிறு விசிறி மிகக் குறைந்த வேகத்தில். அறை 27 டிகிரியில் இருக்க, இரண்டு மணி நேர ரெண்டருக்குப் பிறகு பிராசசர் 71. கட்டிலருகே அப்பாவின் தலையணைப் பக்கம் காதை வைத்துக் கேட்டேன். ஏசி ஓடும்போது கணினி கேட்கவில்லை. கம்ப்ரசர் ஓய்ந்திருக்கும் சில நிமிடங்களில் மட்டும் பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்கிறது. எனக்குக் கேட்கிறது. அவருக்குக் கேட்குமா என்று தெரியவில்லை.

மே 23

பம்பை 1,200-க்கு இறக்கினேன், வெப்பம் இரண்டு டிகிரிதான் ஏறியது. இன்று மதியம் மின்சாரம் போய் வந்த பிறகு அறை 32-இல் இருந்தபோது ஓட்டியதில் 78 வரை போனது. அறை ஏறும் அளவுக்கு அதுவும் ஏறுகிறது, எந்தக் கூலரும் அதைத் தடுக்க முடியாது. அடுத்து 65 வாட் ஈகோ மோடையும், விசிறியை 650-இல் வைத்தும் பார்க்க வேண்டும். இரவு அக்கா இருக்கிறாள்; பத்து மணிக்குத் தொடங்குகிறேன்.